பலர் கூடி எழுதும் களஞ்சியமும் நமது கடற்கரையும்

முத்துக்குளித்துறைப் பங்குகளின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டுவோர் முதலில் காண்பது எழுத்து வேற்றுமையே. பாட்டனார் 'பர்னாந்து'; தந்தை 'பர்ணாந்து'; மகன் 'பெர்னாண்டோ'. குடும்பம் ஒன்றே. ஒரே குருவின் கையெழுத்திலேயே 'றொட்றிகோ' என்றும் 'ரொட்ரிகோ' என்றும் இரண்டு பக்க இடைவெளியில் மாறி வருவதும் உண்டு. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதோ, வெளிநாட்டுக் கப்பலில் வேலை கிடைக்கும்போதோதான் இவ்வேற்றுமை குடும்பத்தாரின் கண்ணில் படுகிறது. "சாமி, ஒரு எழுத்துத்தானே, திருத்திக் கொடுங்கள்" என்று பங்கு அலுவலகத்திற்கு வருகின்றனர். நாம் அடித்துத் திருத்துவதில்லை. தக்க சான்று காட்டப்பெற்றால், முன்னர் எழுதியதை அழிக்காமல் விட்டு, ஓரத்தில் குறிப்பெழுதி, நாளிட்டுக் கையொப்பமிடுகிறோம். திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் பதிவேடுகளைப் பற்றிப் பணித்த காலந்தொட்டு, எழுதியதைக் காப்பதும் மாற்றியதை மறைக்காமலிருப்பதும் குருக்களுக்குப் பழகிய நெறியே.

இதே சிக்கல் ஒரு குடும்பத்தின் பெயரோடு நில்லாமல் ஓர் இனத்தின் அறிவு முழுவதையும் தழுவி எழுமாயின் என்ன செய்வது? தமிழில் இன்று அத்தகைய முயற்சி ஒன்று நடந்து வருகிறது. 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கிய விக்கிப்பீடியா என்னும் கட்டற்ற கலைக்களஞ்சியத்தின் தமிழ்ப் பகுதி 2003-இல் தோன்றியது. ஈழத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மயூரநாதன் அவ்வாண்டின் இறுதியில் அதனைக் கையிலெடுத்து வளர்க்கத் தொடங்கினார். 2017-இல் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைக் கடந்தன. இப்போது ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டவை உள்ளன. எழுதுவோர்க்கு ஊதியமில்லை, எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். நம் பிள்ளைகள் பள்ளிக் கட்டுரைக்குச் செய்தி தேடும்போது கைப்பேசியில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் இக்களஞ்சியமே. ஆகவே நமது ஊரைப் பற்றியும், ஆலயத்தைப் பற்றியும், முன்னோரைப் பற்றியும் அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பது நம்மைத் தொடாத செய்தியன்று.

களஞ்சியம் தொகுத்தல் தமிழுக்குப் புதிதன்று. 1732-இல் வீரமாமுனிவர் தனியொருவராய்ச் சதுரகராதி செய்தார். 1902-இல் யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப்பிள்ளை 'அபிதான கோசம்' வெளியிட்டார். 1910-இல் சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' வெளிவந்தது. இவை தனிமனிதரின் வாழ்நாள் உழைப்பு. பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகத்தார், பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் 'கலைக்களஞ்சியம்' கொணர்ந்தனர். அங்கே அறிஞர் பலர் எழுதினர். ஆயினும் எழுத்தில் ஐயம் வந்தால் தீர்த்து வைக்கப் பதிப்பாசிரியர் ஒருவர் இருந்தார். விக்கிப்பீடியாவிலோ அத்தகைய நாற்காலி இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னே ஓர் உரையாடல் பக்கம் உண்டு. அனைவருக்கும் பொதுவாக 'ஆலமரத்தடி' என்றே பெயரிட்ட ஒரு பக்கமும் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தைப் போல அங்கே கூடிப் பேசித்தான் முடிவுக்கு வருகின்றனர். யார், எந்நாளில், எந்த எழுத்தை மாற்றினார் என்பது அழியாமல் வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும். நம் பதிவேட்டின் ஓரக்குறிப்பை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது.

அங்கே எழும் வழக்குகளை நோக்கின், அவை இரண்டு வகையின. ஒன்று, பெயரை எவ்வாறு எழுதுவது என்பது. மற்றொன்று, சொன்ன செய்திக்குச் சான்று யாது என்பது. இரண்டையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தலாகாது என்பதே நாம் சொல்ல விழைவது. எழுத்துமுறை, பலர் கூடி உடன்பட்டால் முடிந்துபோகும் செய்தி. நடந்த நிகழ்ச்சியோ, எத்தனை பேர் உடன்பட்டாலும் அதனால் உண்மையாகிவிடாது.

முதலில் எழுத்து. வளர்ப்புத் தந்தையாம் புனிதரின் பெயரையே பாருங்கள். நம் பாட்டிமார்க்கு அவர் சூசையப்பர். போர்த்துக்கீசிய ஒலியின் வழி வந்த பெயர் அது. தேம்பாவணியில் அவர் வளன். விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் யோசேப்பு. பள்ளிப் பதிவேட்டில் ஜோசப். மன்னார் வளைகுடாவின் இக்கரையில் சந்தியாகப்பர் என்று நாம் கொண்டாடும் திருத்தூதரை, அக்கரையில் யாழ்ப்பாணத்துக் குருநகர் மக்கள் யாகப்பர் என்பர். விவிலியத்தைத் திறந்தால் அவரே யாக்கோபு. இராயப்பர் பேதுருவானதும், சின்னப்பர் பவுலானதும், அருளப்பர் யோவானானதும் நம்மில் முதியோர் பலர் கண்முன்னே நிகழ்ந்தவை. கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தபோது, இரு சாராரும் ஏற்கத்தக்க பெயர்வடிவம் ஒன்று தேவைப்பட்டது. வாசகத்தில் மாறிய பெயர் வாயில் மாறுவதற்கு ஒரு தலைமுறையாகும். மன்றாட்டுமாலையில் இன்றும் பழைய பெயரையே சொல்லும் முதியோரை நாம் தடுத்ததில்லை.

அச்சிட்ட நூலுக்கு இத்தகைய முடிவு கடினம். ஒன்றைக் கொண்டால் மற்றொன்றை விடவேண்டும். பலர் கூடி எழுதும் இக்களஞ்சியத்தில் அவ்விடர் இல்லை. 'வழிமாற்று' என்றொரு ஏற்பாடு அங்குண்டு. கட்டுரைக்குத் தலைப்பு ஒன்றே. ஆயினும் ஏனைய வடிவங்களில் எதைத் தேடினாலும் அதே பக்கத்திற்கு வந்து சேருமாறு செய்யலாம். ஒரு வீட்டிற்குத் தெருவாசலும் கொல்லைவாசலும் இருப்பதைப் போன்றது இது. முதல் வரியிலேயே பிற பெயர்களையும் குறித்துவிட்டால் எவர்க்கும் மனக்குறை இராது. எனினும் தலைப்பில் எது நிற்பது என்பதற்காக அங்கே நிகழ்ந்த வாதங்கள் சிறியனவல்ல.

அவ்வாதங்களுள் நெடியது கிரந்த எழுத்துக்களைப் பற்றியது. ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றை விலக்க வேண்டும் என்பார் ஒரு சாரார். மக்கள் வழங்குவதை ஏன் மாற்றுவது என்பார் மறுசாரார். சனவரி, சூலை, திசம்பர் என்னும் வடிவங்களை அங்குப் பல பக்கங்களில் காணலாம். ஜனவரி என்றெழுதிப் பழகிய நம் கை சற்றே தயங்குகிறது. 'ஜெபமாலை' நமக்குச் 'செபமாலை' ஆகி நெடுநாளாயிற்று. எந்த வீட்டிலும் அதனால் மன்றாட்டு நின்றுவிடவில்லை. இதனோடு ஈழத்து வழக்கும் தமிழகத்து வழக்கும் மோதும். நாம் டொராண்டோ என்பதை அவர்கள் ரொறன்ரோ என்பர்; நமது பிரிட்டன் அவர்களுக்குப் பிரித்தானியா. தொடக்கத்தில் இக்களஞ்சியத்தை உழைத்து வளர்த்தோருள் ஈழத்தவர் பலர் என்பதை மறந்து, அவர்தம் எழுத்தைப் பிழையென்று திருத்த முனைவது பண்பன்று. இதில் நமது கருத்து எளியது: பொதுச் சொல்லில் தமிழ் மரபைத் தழுவுக, ஆளின் பெயரையோ, அவர் எழுதுமாறே எழுதுக. ஒருவர் தம் பெயரை இவ்வாறு எழுதுவேன் என்னும்போது, அன்று என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆணையிட்டு எழுத்தை மாற்றுவதும் உண்டு. 1978-இல் தமிழக அரசு ணா, லை, னை போன்ற எழுத்து வடிவங்களைச் சீர்திருத்தியது. ஏட்டிலும் பள்ளியிலும் அது நிலைத்துவிட்டது. அத்திருத்தத்தை அறிஞர்களும் இதழ்களும் அதற்கு முன்னரே பல்லாண்டு பேசியும் கையாண்டும் வந்தனர். 2020 ஜூன் மாதத்தில் தமிழகத்தின் 1018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப எழுதவேண்டும் என்னும் ஆணை வெளியாயிற்று. ஆங்கிலேயர் நாவில் 'டூட்டிகோரின்' ஆகிப்போன நம் நகரின் பெயர் தூத்துக்குடி என்றே ஒலிக்குமாறு அதில் எழுதப்பட்டிருந்தது. நோக்கம் நல்லதே. ஆயினும் கையாண்ட ஆங்கில எழுத்தடுக்குகள் பல ஊரார்க்கு விளங்கவில்லை. சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. கூடிப் பேசாமல் இட்ட எழுத்து நிலைப்பதில்லை என்பதற்கு இதைவிட அண்மைச் சான்று வேண்டுவதில்லை.

நம் கரையின் ஊர்ப்பெயர்களிலும் ஐயங்கள் உள்ளன. ஆற்றை எண்ணி 'வைப்பாறு' என்பதா, பேச்சில் வழங்குமாறு 'வைப்பார்' என்பதா? வீரபாண்டியன்பட்டணமா, பட்டினமா? இவற்றைக் கூடிப் பேசி முடித்துவிடலாம். அரசிதழில் உள்ளதைத் தலைப்பாகவும் மற்றதை வழிமாற்றாகவும் வைத்தால் வழக்கு முடிந்தது.

இனி, கூடிப் பேசி முடிக்கவியலாத வழக்கிற்கு வருவோம். வீரமாமுனிவர் எங்கே இறந்தார்? நம் மணப்பாட்டில், 1742-இல் என்று பழைய வரலாறுகளில் காணலாம். புதுவை முத்துசாமிப் பிள்ளை 1822-இல் எழுதிய வரலாறு இவ்வகையில் நெடுங்காலம் பலர்க்கும் ஆதாரமாயிருந்தது. மணப்பாட்டு மக்களுக்கு இது பெருமைக்குரிய செய்தி. இன்றும் அதனை விட மனமில்லாதார் உளர். ஆயின் சேசு சபையின் ஆவணங்களை ஆராய்ந்தோர், அவர் 1747 பிப்ரவரி 4-ஆம் நாள் கேரளத்து அம்பலக்காட்டில் இறைவனடி சேர்ந்தார் என்று கண்டனர். இப்போது ஆலமரத்தடியில் மணப்பாட்டார் நூறு பேர் கூடி ஒருமனதாய்க் கைதூக்கினாலும், அந்த ஆண்டு ஐந்து ஆண்டு முன்னே போய்விடாது. களஞ்சியம் செய்யத்தக்கது, ஆவணம் சொல்வதை எழுதி, பழைய நூல்கள் வேறு கூறின என்பதையும் பெயர் சுட்டிக் குறிப்பதே. மணப்பாட்டிற்கு அதனால் இழுக்கொன்றும் இல்லை.

மற்றொன்று நம் நாவில் ஊறிப்போனது. 'சவேரியார் வந்து ஒரே மாதத்தில் பதினாயிரம் பரதவர்க்குத் திருமுழுக்களித்தார்' என்று மேடைகளில் கேட்கிறோம். பதினாயிரம் என்னும் எண் புனைந்ததன்று. 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவரே எழுதிய மடலில் உள்ளது. ஆயினும் அது திருவிதாங்கூர்க் கடற்கரை மக்களைப் பற்றியது. முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றது 1530-களின் நடுவில். சவேரியார் இங்கு வந்தது 1542-இல். மறையை ஏற்றும் கற்பிப்பாரின்றி இருந்த மக்களுக்குச் செபங்களைத் தமிழில் பெயர்த்துக் கற்பித்ததே இக்கரையில் அவர் ஆற்றிய முதற்பெரும் தொண்டு. எண்ணை இடம் மாற்றி வைப்பதால் அத்தொண்டு மறைந்துபோகிறது என்பதே நம் வருத்தம். ஷுர்ஹாமர், விக்கி என்னும் சேசு சபை அறிஞர் இருவர் பதிப்பித்த சவேரியாரின் மடல்கள் 1944, 1945 ஆம் ஆண்டுகளிலேயே அச்சில் வந்துவிட்டன.

எல்லாவற்றிற்கும் இவ்வாறு தீர்ப்புக் கிடைக்கும் என்பதில்லை. புன்னைக்காயலில் 1600-இல் இறந்த என்றிக்கே என்றீக்கசு அடிகளாரின் 'அடியார் வரலாறு' 1586-இல் அச்சானது. தனிநாயகம் அடிகளார் 1954-இல் வத்திக்கான் நூலகத்தில் அதன் படியைக் கண்டார். இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பிக்க, தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் 1967-இல் அதனை வெளியிட்டது. ஆயினும் முதலில் அச்சான இடம் எது? புன்னைக்காயல் என்பார் சிலர். கொச்சி என்பார் சிலர். இத்தகைய இடத்தில் களஞ்சியம் இரண்டையும் சொல்லி, யார் எதைச் சொன்னார் என்பதைக் காட்டி நின்றுவிட வேண்டும். (அடிகளாரின் பெயரோ தனி வழக்கு. அவர் கால அச்சில் 'அண்டிறிக்கி'. நம்மவர் வாயில் அண்டிரிக் அடிகளார். ஆய்வு நூல்களில் ஹென்ரிக்கஸ். வழிமாற்றுக்கு நல்ல வேலை!)

"நம்பிக்கையுள்ள மக்கள் தம் புனிதரைப் பற்றிச் சொல்வதை இவ்வளவு துருவ வேண்டுமா?" என்று கேட்போர் உண்டு. திருச்சபையே துருவியிருக்கிறது. புனிதர் வரலாறுகளை மூல ஏடுகளோடு ஒப்பிட்டு வெளியிடும் பணியைச் சேசு சபையார் பொலாந்து 1643-இல் ஆண்ட்வெர்ப்பில் தொடங்கினார். ஒருவர் இறக்க மற்றொருவர் தொடர, தலைமுறை தலைமுறையாய்ப் பலர் கூடி எழுதிய தொகுப்பு அது. அவ்வழி வந்த பேப்புரோக் அடிகள், கார்மேல் சபையை எலியா இறைவாக்கினரே நிறுவினார் என்பதற்குச் சான்றில்லை என்றெழுதினார். அதன் விளைவாய் 1695-இல் ஸ்பெயினின் விசாரணை மன்றம் அத்தொகுதிகளைத் தடைசெய்தது. 1715-இல்தான் தடை நீங்கிற்று. அதே பேப்புரோக் 1675-இல் பெனடிக்ட் சபை மடங்களின் பழைய சாசனங்கள் சில போலி என்று ஐயுற்றார். அச்சபைத் துறவி மபில்லோன் சினந்து வசைபாடவில்லை. ஆறாண்டு உழைத்து, மெய்ச் சாசனத்தையும் பொய்ச் சாசனத்தையும் பிரித்தறியும் முறையையே ஒரு பெருநூலாக 1681-இல் எழுதினார். அதைப் படித்த பேப்புரோக், தம் கூற்று மறுக்கப்பட்டதற்கு வருந்தாமல், மபில்லோனை வாழ்த்தி மடல் எழுதினார். இன்று உரையாடல் பக்கங்களில் சூடாக மோதிக்கொள்ளும் இளைஞர்க்கு இவ்விருவரையும் நாம் அறிமுகப்படுத்த விரும்புகிறோம்.

விக்கிப்பீடியாவில் சான்றற்ற வரியின் அருகே 'சான்று தேவை' என்று குறியிடுவர். நம் ஊரைப் பற்றி அன்போடு எழுதிய இளைஞர், தாம் எழுதியது நீக்கப்பட்டதும் புண்படுகின்றனர், "எங்கள் தாத்தா பொய்யா சொன்னார்?" என்கின்றனர். தாத்தா பொய் சொன்னார் என்று எவரும் கூறவில்லை. படிப்பவர் தாமே சென்று சரிபார்க்கத்தக்க அச்சுச் சான்று வேண்டும் என்பதே அங்குள்ள விதி. இவ்விடத்தில் நமது திருவிழா மலர்கள் செய்யும் தீங்கையும் சொல்லிவிட வேண்டும். மலர்க்குழுவினர் அவசரத்தில் களஞ்சியத்திலிருந்து செய்தியை எடுத்துப் பெயர் சொல்லாமல் அச்சிடுகின்றனர்; அடுத்த ஆண்டு வேறொருவர் அம்மலரையே சான்றாகக் காட்டி அதே செய்தியைக் களஞ்சியத்தில் உறுதிப்படுத்துகிறார். கிணற்றில் தாமே ஊற்றிய நீரை இறைத்துக் காட்டி, ஊற்று சுரக்கிறது என்பது போன்றதே இது.

அச்சு வேண்டும் என்னும் விதியால் நமக்கு இழப்பும் உண்டு. முத்துச் சலாபத்தைப் பற்றி அச்சில் மிகுதியாய் உள்ளவை அதிகாரிகளின் அறிக்கைகளே. ஜேம்ஸ் ஹார்னெல் 1905-இலும் 1922-இலும் எழுதியவை சிறந்த நூல்கள். பார்களின் பெயர்களும் சிப்பியின் நிலையும் அவற்றில் உண்டு. ஆயினும் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் நுழைந்து திரும்பத் தமிழுக்கு வரும்போது உருமாறிவிடுகின்றன. கடலோடி 'தொளாயிரம் பார்' என்பதை, ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பவர் 'தோலாயிரம்' என்று எழுதிவிட இடமுண்டு. எண்ணைக் குறித்த சொல் தோலாகிவிடும்! தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அவ்வாண்டு இருபது வயதில் மூழ்கியவர் இன்று எண்பதைக் கடந்தவர். எந்தக் காற்றில் தோணி புறப்பட்டது, எந்தப் பாரை எந்த அடையாளம் கொண்டு கண்டனர், அதற்கு ஏன் அப்பெயர் என்பனவற்றை அவர் அறிவார், நூலகம் அறியாது.

வாய்மொழியையும் சான்றாகக் கொள்ளும் வழியை 2011-இல் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்கச் செப்பெடி ஆகிய மொழிகளில் விக்கிப்பீடியர் சிலர் சோதித்துப் பார்த்தனர். மக்களிடம் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, அப்பதிவையே சான்றாகக் காட்டினர். அது பொது விதியாகவில்லை. ஆயினும் நம் கையில் அதனினும் எளிய வழி இருக்கிறது. அச்சு இல்லை என்பதுதானே தடை? ஆண்டுதோறும் நாமே மலர் அச்சிடுகிறோம்! விளம்பரங்களுக்கும் வாழ்த்துச் செய்திகளுக்கும் ஒதுக்கும் பக்கங்களில் பத்தினை முதிய கடலோடிகளுக்குக் கொடுப்போமாக. சொன்னவர் பெயர், வயது, ஊர், கேட்டவர் பெயர், கேட்ட நாள் ஆகியவற்றை அவர் இசைவோடு அச்சிடுக. அவர் சொன்ன சொல்லைப் புத்தகத் தமிழாக்கிவிடாமல் அப்படியே தருக. பதிவேட்டிலிருந்தோ கல்லறைக் கல்லிலிருந்தோ எடுத்ததாயின், எந்தப் பங்கு, எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று குறிப்பிடுக. கல்லில் எழுத்து எவ்வாறுள்ளதோ அவ்வாறே படியெடுக்க, திருத்த வேண்டா.

அச்சானதும் ஒரு படியை மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பியுங்கள். நூல் வெளியிடுவோர் முப்பது நாளுக்குள் சென்னைக் கன்னிமாரா நூலகம், கொல்கத்தா தேசிய நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் படி அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறுகிறது. அவ்வாறு அனுப்பினால், எங்கோ டொராண்டோவில், இல்லை ரொறன்ரோவில், அமர்ந்து 'தொளாயிரம் பார்' என்று தலைப்பிடும் ஒருவர்க்கு, சரிபார்க்க ஒரு பக்க எண்ணாவது கிடைக்கும். பனிமய அன்னையின் திருவிழாவிற்கு மலர் தொகுக்கும் குழுவினர் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் கூடுவர். முதியோர் இல்லங்களுக்குச் சென்று கேட்பதற்கு அதற்கு முந்திய கோடை விடுமுறையே ஏற்ற காலம்.